ஒரே வயல், இரண்டு கூலி!
பரங்கிப்பேட்டைப் பக்கம் அது எப்படி மாறியது?

ஒரே வயல். ஒரே சேறு. ஒரே வெயில். ஆனால் மாலையில் கூலி வாங்கும்போது மட்டும் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை!

சிதம்பரத்துக்கு வடகிழக்கே, பரங்கிப்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இது தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த வழக்கம். நாற்றங்காலில் நாற்றைப் பறித்து முடி கட்டிக் கொடுப்பவர் ஆண். அந்த முடியைப் பிரித்து, காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் நட்டு முடிப்பவர்கள் பெண்கள். களை எடுப்பதும் அவர்களே. "ஆண் வேலை கஷ்டம், பெண் வேலை லேசு" என்று சொல்லி, பெண்ணுக்குப் பாதிக் கூலி அல்லது பாதிக்குச் சற்று மேலே கொடுப்பார்கள். ஒரு நாள் முழுவதும் நடவு நட்டுப் பார்த்தவர் யாரும் அதை லேசான வேலை என்று சொல்ல மாட்டார்!

இந்த வித்தியாசம் இந்த ஊரில் மட்டும் இருந்ததல்ல. 2004-05ம் ஆண்டில் மத்திய சர்க்காரின் மாதிரி ஆய்வுத் துறை நாடு முழுவதும் கணக்கு எடுத்தது. கிராமத்தில் அன்றாடக் கூலிக்குப் போகும் ஆணுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 55 ரூபாய். பெண்ணுக்கு 35 ரூபாய். அதாவது, ஆண் மூன்று நாளில் வாங்கும் கூலியைப் பெண் வாங்க ஏறக்குறைய ஐந்து நாள் உழைக்க வேண்டும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதற்கும் 28 வருஷம் முந்தியது. இரண்டு சட்டங்கள் இருந்தும் வயலில் கூலி மாறவில்லை. பிறகு எது மாற்றியது? அதைத் தெரிந்துகொள்ள, கூலிக்குச் சட்டம் போட்ட கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கூலிக்கு ஒரு தரை

"இந்தத் தொகைக்குக் கீழே யாரும் கூலி கொடுக்கக் கூடாது" என்று சர்க்கார் ஒரு கோடு போடுவதற்குப் பெயர்தான் குறைந்தபட்சக் கூலி. வீட்டுக்குத் தரை எப்படியோ, கூலிக்கு அது அப்படி. அதற்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கீழே இறங்கக் கூடாது.

முதன் முதலில் இந்த யோசனையைச் சட்டமாக்கியது நியூசிலாந்து. அது 1894ம் ஆண்டு. தமிழர்களின் கூலிக்கு இப்படி ஒரு கோடு விழுந்தது தமிழ்நாட்டில் அல்ல, இலங்கையில்! தேயிலைத் தோட்டத்துக்குப் போன இந்தியத் தொழிலாளிகளுக்காக 1927ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி நிர்ணயமான கூலி 1929 முதல் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். சிறுவர்களுக்கு 32 சதம். கொழுந்து பறிப்பதில் பெண் கைதான் வேகம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் சட்டமே அவளுக்கு 11 சதத்தைக் குறைத்து எழுதியது!

இந்தியா சுதந்திரம் அடைந்தபின், 1948ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்று நிர்ணயிக்கும் பொறுப்பு மாகாண சர்க்கார்களுக்குப் போயிற்று. விவசாய வேலையும் பட்டியலில் இருந்தது. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. கோட்டுக்குக் கீழே கூலி கொடுத்தவருக்கு அந்தச் சட்டம் விதித்த தண்டனை என்ன தெரியுமா? ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம். 1948ல் 500 ரூபாய் பெரிய தொகை. காலம் போகப் போக அது ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவாகிவிட்டது.

மூன்று வயிறு

கோட்டை எந்த உயரத்தில் போடுவது? சும்மா ஒரு தொகையைச் சொல்லிவிட முடியுமா?

1957ம் ஆண்டு ஜூலையில், 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு இதற்கு ஒரு கணக்குப் போட்டது. ஒரு தொழிலாளியின் குடும்பம் என்றால் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். கணவனுக்கு ஒரு பங்குச் சாப்பாடு. மனைவிக்கு 0.8 பங்கு. குழந்தைக்குத் தலைக்கு 0.6 பங்கு. கூட்டினால் மூன்று பங்கு. ஒரு பங்குக்கு நாளைக்கு 2,700 கலோரிச் சத்து தரும் உணவு. இந்தச் சத்துக் கணக்கைச் சொன்னவர் டாக்டர் அய்க்ராய்டு. நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்தவர் அவர்.

உணவோடு நிற்கவில்லை. ஆளுக்கு வருஷத்துக்கு 18 கெஜம் துணி, குடும்பத்துக்கு 72 கெஜம். வீட்டு வாடகை. விறகு, விளக்கு, மற்றச் சில்லறைச் செலவுக்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், கல்யாணம், வயோதிகம் இவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1991ல் தீர்ப்புச் சொன்னது.

நல்ல கணக்குத்தான். ஆனால் விடிந்ததிலிருந்து சேற்றில் குனிந்து நிற்கிறவளுக்கு 0.8 பங்கு வயிறு என்று எழுதியவர்கள் நடவு வயலைப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்!

இதற்கு நடுவே 1982ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய தீர்ப்பைச் சொன்னது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிடம் கட்டிய கூலியாட்களின் வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து ஒருவரிடம் வேலை வாங்கினால், அது அரசியல் சட்டம் தடுத்திருக்கும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி கூறினார். வேறு வழி இல்லாமல் பசிக்காக ஒப்புக்கொண்டவர், மனம் விரும்பி ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார் என்பது அதன் சாரம்.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்

கூலி கேட்பது ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைக்கிற காரியமாக இருந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் பழைய தஞ்சை மாவட்டம். அங்கே கீழ்வெண்மணி கிராமத்தில் விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடி வந்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, தப்பிக்க ஒரு குடிசைக்குள் புகுந்த 44 பேர் அங்கேயே எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

நாடே நடுங்கியது. கணபதியா பிள்ளை கமிஷன் அமைக்கப்பட்டது. 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அது கிழக்குத் தஞ்சைக்கென்று வந்த சட்டம்.

சட்டம் வந்த இடத்திலும் சரி, வராத இடத்திலும் சரி, கூலியாளுக்கு ஒரு சங்கடம் தீரவில்லை. "இந்தக் கூலி போதாது" என்று சொன்னால், "அப்படியானால் வேறு இடம் பார்" என்பது பதில். வேறு இடம் ஏது? ஊரில் உள்ள வயல் எல்லாம் அந்த நாலைந்து பேருக்குத்தானே சொந்தம்! வேலை கொடுக்க வேறு ஆள் இல்லாத ஊரில், சட்டம் புத்தகத்தில் படுத்துத் தூங்கும்.

எண்பது ரூபாய்

2006 பிப்ரவரி 2. கிராம வேலை உறுதிச் சட்டம் நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் ஆறு மாவட்டங்கள். அதில் கடலூர் ஒன்று. ஒரு வருஷத்துக்கு முன்புதான், 2004 டிசம்பர் 26 அன்று, இந்தக் கரையைச் சுனாமி சுருட்டிப் போட்டிருந்தது. வேலை தேவைப்பட்ட நேரம்.

ஏரி தூர் வாருதல், வாய்க்கால் வெட்டுதல், குளத்துக்குக் கரை கட்டுதல். குடும்பத்துக்கு வருஷத்தில் 100 நாள் வரை. ஜனங்கள் வைத்த பெயர் "நூறு நாள் வேலை". தமிழ்நாட்டில் நாளைக்கு 80 ரூபாய் என்று கூலி நிர்ணயமாயிற்று.

ஆணுக்கு 80. பெண்ணுக்கும் 80!

அளவு வேலை என்பதால், வெட்டிய மண் குறைந்தால் கூலியும் குறையும். முழு 80 எல்லா வாரமும் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் பாதிக் கூலிக்குப் பழகிய பெண்களுக்கு அது புதிய கணக்கு. பழைய கூலிக்கு நடவுக்குக் கூப்பிட்டவர்களுக்குப் புதிய பதில் கிடைக்கத் தொடங்கியது. "நாங்கள் ஏரி வேலைக்குப் போகிறோம்!"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. 1948 முதல் கூலிக்குக் கோடு இருந்தது. அந்தக் கோட்டின்மேல் நிற்க ஓர் இடம் 2006ல்தான் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் வந்து வரப்பில் நின்று கூலியைச் சோதிக்கவில்லை. ஒருவர் மீதும் வழக்குப் போடவில்லை. போக இன்னொரு இடம் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது.

கிளெமென்ட் இம்பெர், ஜான் பாப் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதை அளந்து பார்த்தார்கள். முதலில் திட்டம் வந்த மாவட்டங்களையும் பிறகு வந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். 2015ல் வெளிவந்த அவர்கள் ஆய்வின்படி, வயல் வேலை குறைந்த வறண்ட மாதங்களில், தனியாரிடம் வாங்கும் கூலியும் நூற்றுக்கு ஏறக்குறைய 5 வீதம் உயர்ந்தது. திட்டத்தைச் சரியாக நடத்திய மாநிலங்களில் அதைவிடக் கூடுதல். நூறு நாள் வேலைக்கே போகாத கூலியாளுக்கும் லாபம்! யாருக்கு நஷ்டம்? கூலி கொடுத்து ஆள் வைக்கும் வசதியான வீடுகளுக்கு. மேல் தட்டிலிருந்து கொஞ்சம் கீழ்த் தட்டுக்கு இறங்கியது. வருமான ஏற்றத்தாழ்வு குறைவது என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அது இதுதான்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் நூற்றுக்கு 80க்கு மேல் பெண்கள். காரணம் சிரமமானதல்ல. மத்திய ரிசர்வ் வங்கி தொகுத்த கணக்குப்படி, 2022-23ல் தமிழ்நாட்டில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 470 ரூபாய். அந்த வருஷம் நூறு நாள் வேலையின் கூலி 281. ஆண் ஏன் அங்கே போகிறார்? அவருக்கு அந்தத் தரை காலுக்கு வெகு கீழே இருந்தது. பெண்ணுக்கும், வயதானவர்களுக்கும்தான் அது காலடியில் இருந்தது.

வேலைத் தலத்தில் ஆறு வயதுக்குக் கீழே ஐந்து குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் 2007ல் ஆய்வு செய்த சுதா நாராயணன், குழந்தையை எங்கே விடுவது என்பதே இளம் தாய்மாரின் பெரிய தொல்லை என்று எழுதினார். எழுதியது எல்லாம் நடந்துவிடுமா என்ன!

இரண்டு ஏக்கர்க்காரர்

கூலி உயர்ந்தால் எல்லோருக்கும் சந்தோஷமா? இல்லை. பரங்கிப்பேட்டை வட்டாரம் கடைமடைப் பகுதி. ஆற்றுத் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். மழை பெய்தால் வெள்ளம் முதலில் வந்து சேரும்! சம்பா ஒரு போகம்தான் நிச்சயம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் பண்ணையார் அல்ல. நடவுக்கு ஆள் கூப்பிடும் அவர் வீட்டுப் பெண்களே மற்ற நாளில் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள். கூலி கொடுக்கும் கையும் கூலி வாங்கும் கையும் ஒரே வீட்டில்!

அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். "கூலியைச் சர்க்கார் ஏற்றுகிறது. என் நெல்லின் விலையையும் சர்க்கார்தான் சொல்கிறது. நடுவில் நான் என்ன செய்வேன்?"

ஒரு சின்னக் கணக்கு. 2006-07ல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை, ஊக்கத் தொகை சேர்க்காமல், குவிண்டாலுக்கு 580 ரூபாய். நூறு நாள் கூலி 80. அந்தக் கூலிக்கு ஏறக்குறைய 14 கிலோ நெல். 2025-26ல் ஆதரவு விலை 2,369 ரூபாய். கூலி 336. கணக்குப் பாருங்கள். அதே 14 கிலோ நெல்!

ரூபாயில் நாலு மடங்கு ஏறிய கூலி, நெல்லில் அளந்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகவே விவசாயியை நசுக்கியது இந்தச் சர்க்கார் கூலி அல்ல. ஆணுக்கு வயலில் கொடுக்கும் கூலிதான் விலையை முந்திக்கொண்டு போயிற்று. 2022-23ல் ஆதரவு விலை 2,040. 470 ரூபாய் கூலி என்றால் 23 கிலோ நெல். பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ஆள் குறைந்தால் கூலி ஏறும். அதற்குச் சட்டம் தேவையில்லை.

கூலி ஏறியதும் யந்திரம் வந்தது. அறுவடைக்கு ஆள் நிற்கும் காட்சி அநேகமாகப் போய்விட்டது. யந்திரம் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை முடித்துவிட்டுப் போகிறது. நேரடி விதைப்பு செய்தால் நடவே கிடையாது. ஒரு நாள் கூலி ஏறியும் வேலை நாள் குறைந்தால், வருஷ வருமானம் என்ன ஆகும்? கூலி வேறு, வருமானம் வேறு. கூலியை நாளால் பெருக்கினால்தான் வருமானம். நூறு நாளும் கிடைத்தால் 2025-26 கணக்கில் 33,600 ரூபாய். ஆனால் நாடு முழுவதும் சராசரியாக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது வருஷத்துக்கு 50 நாள் அளவுதான். அதுவும் உடனே வந்ததா? 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பாக்கி மட்டும் 4,034 கோடி ரூபாய் என்று மாநில சர்க்கார் சொன்னது. செய்த வேலைக்கு மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். கடைக்காரர் அத்தனை மாதம் காத்திருப்பாரா?

கூலியை ஏற்றினால் முதலாளி ஆளைக் குறைப்பார் என்பது உலகம் முழுவதும் சொல்லும் வாதம். அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4 டாலர் 25 சென்டிலிருந்து 5 டாலர் 5 சென்டாக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் மாற்றம் இல்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பேராசிரியர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் 400க்கு மேற்பட்ட உணவுக் கடைகளை விசாரித்தார்கள். கூலி ஏறிய பக்கத்தில் ஆள் குறையவில்லை! கார்டுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அமெரிக்க ஓட்டல் முதலாளி வேறு, கடைமடை விவசாயி வேறு. ரொட்டி விலையில் நாலு காசு ஏற்ற அவரால் முடியும். நெல் விலையை ஏற்ற இவரால் முடியாது.

கடலுக்கு எட்டாத சட்டம்

இத்தனையும் வயல் கதை. பரங்கிப்பேட்டை என்றால் கடலைச் சொல்லாமல் தீராது.

வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் பழைய துறைமுகம் இது. போர்த்துகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. புதுத் துறைமுகம் என்று அர்த்தம். டச்சுக்காரர் வந்தார்கள். இங்கிலீஷ்காரர் வந்தார்கள். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஜெனரல் அயர் கூட்டும் மோதியது இங்கேதான். 1830களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பு உருக்கும் ஆலை நடத்தினார். இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது.

2006ல் நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு வந்தது. பரங்கிப்பேட்டை பேரூராட்சி. ஆகவே சுற்றியுள்ள கிராமத்துக்கு வேலை உண்டு, டவுனுக்குக் கிடையாது! ஒரு தெரு தள்ளிக் குடியிருந்தால் சட்டம் மாறிவிடும்.

அன்னங்கோவில், முடசல்ஓடை கரைகளில் படகில் போகிறவர்களுக்குக் கூலியே கிடையாது. பங்குதான். பிடித்து வந்த மீனை ஏலம் போட்டு, டீசல், ஐஸ் செலவைக் கழித்து, மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் பங்கு போக, ஆட்களுக்குப் பங்கு. மீன் பட்டால் நல்ல நாள். படாவிட்டால் வெறுங்கை. பங்கு வாங்குகிறவருக்குத் தரை எங்கே போடுவது? கூலிச் சட்டம் கரையோடு நின்றுவிடுகிறது. வெட்டியாகப் போன பயணத்தில் படகு முதலாளிக்கு டீசல் நஷ்டம். ஆளுக்கு அன்றைய அடுப்பே நஷ்டம்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு மாநில சர்க்கார் 2023ல் குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக நிவாரணத்தை உயர்த்தியது. நாளைக்கு 131 ரூபாய் ஆகிறது. நூறு நாள் கூலியில் பாதி கூட இல்லை.

கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்களுக்கு முதலாளி யார்? அவர்களே. இறால் உரிக்கும் பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு நாளில் எத்தனை கிலோ உரித்தால் குறைந்தபட்சக் கூலி வரும் என்று யார் எடை போட்டுச் சொல்வது?

ஊரின் இன்னொரு பக்கத்தில் பெரிய வீடுகள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாச் சம்பாத்தியத்தில் கட்டியவை பல. அந்த வருமானத்தைத் தமிழ்நாட்டுக் கோடு தொடாது. ஆனால் அந்த நாட்டுக் கோடு தொடும்! கத்தார் நாடு 2021 மார்ச் முதல், எந்த நாட்டுத் தொழிலாளி ஆனாலும், வீட்டு வேலைக்காரர் உட்பட, மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் போட்டது. சாப்பாடும் இருப்பிடமும் முதலாளி கொடுக்காவிட்டால் அதற்குத் தனியாக 300, 500 ரியால். மலேசியாவில் 2013ல் தீபகற்பப் பகுதிக்கு 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட். சிங்கப்பூரில் எல்லோருக்கும் பொதுவான ஒரே கோடு கிடையாது. தொழிலுக்குத் தொழில் வேறு. ஆக, பரங்கிப்பேட்டையில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளின் அடுப்பு, ஒன்று தோகாவில் போட்ட சட்டத்தாலும் ஒன்று டில்லியில் போட்ட சட்டத்தாலும் எரியும்!

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. கூலிக்குத் தரை போட்டால் தரையில் இருப்பவர்கள் கொஞ்சம் எழுந்து நிற்கலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இருந்த பள்ளம் மேடாகலாம். மாடியில் இருப்பவர் கீழே இறங்கி வந்துவிடமாட்டார். படகுச் சொந்தக்காரருக்கும் படகில் போகிறவருக்கும், இறால் பண்ணை முதலாளிக்கும் இறால் உரிப்பவருக்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது. அதை ஒரு கூலிச் சட்டத்திடம் எதிர்பார்ப்பது, தூண்டிலைப் போட்டுத் திமிங்கிலத்தைத் தேடுவது!

எந்த அறுபது நாள்?

இப்போது சட்டங்கள் மாறிவிட்டன. 1948 சட்டத்தின் இடத்துக்கு 2019ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு வந்து, 2025 நவம்பர் 21 அன்று அமலாயிற்று. பட்டியலில் உள்ள தொழில் என்ற பேச்சு போய், எல்லாத் தொழிலுக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்று அதில் இருக்கிறது. மத்திய சர்க்கார் ஒரு தரைக் கூலியைச் சொல்லும், எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக் கூடாது. குறைத்துக் கொடுத்தால் அபராதம் 50,000 ரூபாய் வரை. பழைய 500 ரூபாய் ஒழிந்தது!

நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாகவும் 2025 டிசம்பரில் பாராளுமன்றம் ஒரு புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. 100 நாள் என்பது அதில் 125 நாள். செலவில் பெரும்பாலான மாநிலங்கள் நூற்றுக்கு 40 பங்கு போட வேண்டும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில், விவசாயத்துக்கு ஆள் கிடைப்பதற்காக, வருஷத்தில் மொத்தம் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். எந்த நாட்கள் என்று மாநில சர்க்கார் முன்கூட்டியே அறிவிக்கும்.

இரண்டு ஏக்கர்க்காரருக்கு இது நிம்மதி. ஆள் கிடைக்கும். நடவுப் பெண்ணுக்கோ வேறு கவலை. நடவுக் கூலி பேசும் நாளில்தான் "நாங்கள் ஏரி வேலைக்குப் போகிறோம்" என்ற வார்த்தைக்கு மதிப்பு. வயலில் வேலையே இல்லாத பங்குனி, சித்திரையில் அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

வெள்ளாற்றங்கரையில் சம்பா நடவு புரட்டாசி, ஐப்பசியில். அறுப்பு தை, மாசியில். மற்ற மாவட்டங்களில் வேறு மாதங்கள். ஆகவே கடலூர் மாவட்டத்துக்கு எந்த அறுபது நாள் என்று அறிவிக்கும் நாளில், விவசாயிகள் ஒரு காரணத்துக்காகவும், நடவுப் பெண்கள் வேறு காரணத்துக்காகவும், ஒரே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.